'நோ' என்றால் 'இல்லை' மாத்திரம்தானா?

ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது என்பவர்களுக்கும் இரண்டு சொற்கள் தெரிந்திருக்கும். ஒன்று 'யெஸ்', மற்றது 'நோ'. பாலர் பாடசாலைப் பிள்ளையும் சொல்லும்; சந்தையில் மீன் விற்கும் நானாவும் சொல்வார். சாதாரண தர, உயர்தர மாணவர்களுக்கு நெடுங்காலம் ஆங்கிலம் படிப்பித்தவன் என்ற வகையில் எனக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். "'நோ' என்றால் என்ன?" என்று எந்த வகுப்பில் கேட்டாலும் "இல்லை, சேர்" என்று ஒரே குரலில் பதில் வரும். அதற்கு மேல் அச்சொல்லைப் பற்றிப் படிக்க எதுவும் இருப்பதாக எவரும் நினைப்பதில்லை.

அந்தப் பதில் பிழையல்ல. ஆயின் அது பாதிப் பதில். 'நோ' செய்யும் வேலைகள் பல. அவற்றுள் சில நமது 'இல்லை'யோடு ஒத்துப்போகும், சில ஒத்துப்போகா. ஒத்துப்போகாத இடங்களில் மிக முக்கியமான ஒன்றில், உண்மையைச் சொன்ன மனிதர் பொய் சொன்னவராக எண்ணப்படும் நிலையும் வந்துவிடுகிறது. அந்த இடத்தைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம். அதற்கு முன் சொல்லைப் பற்றிச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

சொல் பிறந்த விதம்

இன்றைய 'நோ' உண்மையில் இரண்டு பழைய சொற்கள் ஒன்றாகக் கலந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் 'நெ' என்பதே மறுப்புச் சொல். அதனோடு 'எப்போதும்' என்ற பொருளுடைய 'ஆ' சேர்ந்து 'நா' ஆனது. 'ஒருபோதும் இல்லை' என்பது அதன் பொருள். கேள்விக்குப் பதிலாக நாம் சொல்லும் 'நோ' இதன் வழியில் வந்தது. அதே 'நெ'யோடு 'ஒன்று' என்ற பொருளுடைய 'ஆன்' சேர்ந்து இன்னொரு சொல் பிறந்தது. 'ஒன்றும் இல்லை' என்பது அதன் பொருள். அதுவே 'நன்' என்றும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தேய்ந்து 'நோ' என்றும் ஆயிற்று. 'நோ மணி', 'நோ டைம்' என்பவற்றில் வருவது இந்த இரண்டாவது 'நோ'. 'நெவர்', 'நைதர்', 'நோர்' ஆகியவற்றின் தொடக்கத்தில் ஒலிப்பதும் அந்தப் பழைய 'நெ'தான். 'நொட்' என்பதும் 'ஒரு பொருளும் இல்லை' என்ற நீண்ட சொல் தேய்ந்து வந்ததே.

எனவே ஆங்கிலத்தில் மறுப்பு என்பது தனியாக நிற்கும் ஒரு சிறு சொல். தமிழில் அப்படியல்ல. 'அறியேன்', 'செய்யான்' என்று வினைக்குள்ளேயே மறுப்பை வைத்துப் பேசிய மொழி இது. இன்றும் 'தெரியாது', 'கூடாது', 'மாட்டேன்', 'ஏலாது' என்பவற்றில் வினையும் மறுப்பும் பிரிக்க முடியாதபடி ஒட்டியே இருக்கின்றன. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை இலகுவில் விளங்கும்.

ஒரு 'நோ', ஏழு பதில்

நம் வீட்டில், தெருவில் நாளாந்தம் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்.

"பள்ளிவாசலுக்குப் பக்கத்தில கடை ஈக்கா?" - "இல்ல."
"அவர் உங்கட நானாவா?" - "அவர் இல்ல." (எழுத்தில்: அல்ல.)
"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" - "வேணாம்."
"நாளைக்கு வருவீங்களா?" - "வரமாட்டன்."
"இந்த மூட்டையைத் தூக்க ஏலுமா?" - "ஏலா."
"செருப்போட உள்ளுக்குப் போகலாமா?" - "போகக் கூடாது."
"அவர்ட வீடு தெரியுமா?" - "தெரியா."

ஏழுக்கும் ஆங்கிலத்தில் 'நோ' என்று சொல்லிவிடலாம். நமக்கோ ஏழும் ஏழு விடயங்கள். இருப்பை மறுப்பது 'இல்லை'; இன்னது என்பதை மறுப்பது 'அல்ல'; விருப்பத்தை மறுப்பது 'வேண்டாம்'; செய்ய மனமில்லை என்பது 'மாட்டேன்'; செய்ய வலுவில்லை என்பது 'ஏலாது'; அனுமதி இல்லை என்பது 'கூடாது'; அறிவை மறுப்பது 'தெரியாது'.

சிங்களம் இந்த விடயத்தில் நம் பக்கத்தில் நிற்கிறது. இருப்பை மறுக்க 'நேஹே', இன்னது என்பதை மறுக்க 'நெவெயி', வேண்டாம் என்பதற்கு 'எபா', ஏலாது என்பதற்கு 'பேஹே' என்று அங்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அதனால்தான் நம் ஆட்கள் சிங்களத்தில் மறுக்கும்போது அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. வளைகுடாவுக்குப் போய் வந்தவர்களின் வாயில் இருக்கும் 'மாஃபி'யும் நம் 'இல்லை' போன்று இருப்பை மறுப்பதுதான். அறபு இலக்கணமோ வேறு விதமாகப் பிரிக்கும். 'லம்' இறந்த காலத்தை மறுக்கும்; 'லன்' எதிர்காலத்தை மறுக்கும்; 'லைஸ' பெயர்ச்சொல் வாக்கியத்தை மறுக்கும்; 'லா'வும் 'மா'வும் பல இடங்களில் வரும். மத்ரஸாவில் நஹ்வு படித்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

ஆங்கிலத்தில் 'நோ' மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்டவருக்குப் பாதிதான் விளங்கும். "நாளைக்கு வருவீர்களா?" என்பதற்கு வெறும் 'நோ' என்றால், வர ஏலாதா, வர மனமில்லையா என்பது தெரியாது. முதலாவதில் மன்னிப்பு இருக்கிறது; இரண்டாவதில் மறுப்பு இருக்கிறது. ஆங்கிலேயர் இதைச் சரிசெய்யத் துணைவினை ஒன்றைச் சேர்ப்பார்கள். 'நோ, ஐ கான்ட்' என்றால் ஏலாது. 'நோ, ஐ வோன்ட்' என்றால் மாட்டேன்.

இங்கே நம் மாணவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. 'மாட்டேன்' என்ற பொருளுடைய 'வோன்ட்'டும், 'வேண்டும்' என்ற பொருளுடைய 'வொன்ட்'டும் நம் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ஓகாரம் சற்று நீள்வதில்தான் வேறுபாடு இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் "வேணாம்" என்ற எண்ணத்தில் 'ஐ வோன்ட்' என்று சொன்னால், கேட்பவருக்கு ஒன்றில் "வேணும்" என்று கேட்கும். அல்லது "சாப்பிடவே மாட்டேன்" என்று முகத்தில் அடித்த மாதிரிக் கேட்கும். இரண்டும் நாம் நினைத்ததல்ல. அங்கே சொல்ல வேண்டியது 'நோ, தேங்க் யூ'. அந்த 'தேங்க் யூ'தான் 'நோ'வை 'வேண்டாம்' ஆக்குகிறது.

'நோ'வும் 'நொட்'டும்

'நொட்' வினையோடு போகும். 'நோ' பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும். இதைப் பாடப் புத்தகமே சொல்லும். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் வரக்கூடிய வாக்கியங்கள் உண்டு. அங்கே பொருள் மாறும். 'ஹீ இஸ் நொட் எ டீச்சர்' என்றால் அவர் ஆசிரியர் அல்ல. வியாபாரியாக இருக்கலாம், விவசாயியாக இருக்கலாம். இது தொழிலைப் பற்றிய வெறும் தகவல். 'ஹீ இஸ் நோ டீச்சர்' என்றால் கதை வேறு. அவர் பாடசாலையில் ஆசிரியராகச் சம்பளம் எடுத்துக்கொண்டும் இருக்கலாம்; ஆனால் ஆசிரியர் என்ற பெயருக்கு அவர் தகுதியில்லை என்பது பொருள். "அவரெல்லாம் ஒரு மாஸ்டரா?" என்று நாம் கேட்பது போன்றது. மறுபக்கத்தில் 'ஹீ இஸ் நோ ஃபூல்' என்பது பாராட்டு: "ஆள் லேசுப்பட்டவரல்ல." ஒருவருக்கு நற்சான்றுக் கடிதம் எழுதும்போது இந்த ஒரு சொல் அவருடைய தொழிலையே பாதிக்கக்கூடும்.

'நோ' இவ்வாறு ஓர் இனத்தையே வேரோடு மறுக்கும் தன்மை கொண்டது. அறபு படித்தவர்களுக்கு இது உடனே ஒன்றை நினைவூட்டும். கலிமாவின் முதற்சொல்லான 'லா'வை நஹ்வு அறிஞர்கள் 'லா நாஃபியா லில்ஜின்ஸ்' என்பார்கள். ஓர் இனம் முழுவதையும் மறுக்கும் 'லா' என்பது அதன் கருத்து. வணக்கத்துக்குரியவர் என்ற வகையில் ஒன்றிரண்டை அல்ல, எதையுமே மிச்சம் வைக்காமல் மறுத்துவிட்டு, அதன் பின்னரே அல்லாஹ்வை மாத்திரம் விலக்கி உறுதிப்படுத்துகிறது அந்த வாக்கியம். ஆங்கிலத்தில் கலிமாவை மொழிபெயர்த்தவர்கள் அந்த இடத்தில் 'நொட்' போடாமல் 'நோ' போட்டமைக்குக் காரணம் இதுதான். தமிழில் நாம் 'வேறு எவரும் இல்லை' என்று சொல்லும்போது 'எவரும்' என்பதிலுள்ள 'உம்' அந்த வேலையைச் செய்கிறது.

அளவைச் சொல்லும்போதும் இதே வேறுபாடு வரும். 'நொட் மோர் தன் ஃபைவ்' என்றால் ஐந்துக்கு மேற்படாது; வெறும் எல்லை. 'நோ மோர் தன் ஃபைவ்' என்றால் "அஞ்சே அஞ்சுதான்" என்ற குறைபாட்டுக் குரல். 'நோ லெஸ் தன் ஃபைவ்' என்றால் "அஞ்சு வரைக்கும் வந்திட்டுது" என்ற வியப்பு. நோயாளியைப் பற்றி 'நோ பெட்டர்' என்றால் முன்பிருந்ததைவிடக் கொஞ்சமும் சுகமில்லை என்று அர்த்தம்.

அறிவித்தல் பலகைகளில் வரும் 'நோ' முற்றிலும் தடைதான். 'நோ ஸ்மோக்கிங்', 'நோ பார்க்கிங்' என்பவற்றை 'புகைத்தல் இல்லை', 'நிறுத்தல் இல்லை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழாகாது. அங்கே நமது சொல் 'கூடாது' அல்லது 'தடை'.

விண்ணப்பப் படிவங்களில் 'நோ'வின் உறவினர் இருவர் வருவார்கள். 'நில்' என்றால் "ஒன்றும் இல்லை". 'நொட் எப்ளிகபிள்' என்றால் "எனக்குப் பொருந்தாது". திருமணமாகிப் பிள்ளை இல்லாதவர், பிள்ளைகளின் எண்ணிக்கை என்ற கூட்டில் எழுத வேண்டியது முதலாவது. திருமணமே ஆகாதவர், வாழ்க்கைத் துணையின் பெயர் என்ற கூட்டில் எழுத வேண்டியது இரண்டாவது. 'நோ' என்று எழுத்துக்கூட்டிப் புள்ளி வைத்திருக்கும் இடத்திலோ மறுப்பே கிடையாது. அது இலக்கம் என்ற பொருளுடைய 'நூமெரோ' என்ற இலத்தீன் சொல்லின் சுருக்கம். நமது படிவங்களில் 'இல.' என்று வருவது.

"ஒருத்தரும் வரல்ல"

தமிழில் "ஒருத்தரும் வரல்ல" என்கிறோம். மறுப்பு கடைசியில் வினையில்தான் இருக்கிறது. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் மாணவர் 'எனிபொடி டிட்ன்ட் கம்' என்று எழுதுவார். ஆங்கிலம் இதை ஏற்காது. மறுப்பு வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும்: 'நோபொடி கேம்'. அப்படி வந்த பின் வினையில் இன்னொரு மறுப்புத் தேவையில்லை. 'நோபொடி டிட்ன்ட் கம்' என்றால் இன்றைய எழுத்து ஆங்கிலத்தில் "வராதவர் எவருமில்லை", அதாவது எல்லாரும் வந்தார்கள் என்று ஆகிவிடும். பழைய ஆங்கிலத்தில் இரண்டு மூன்று மறுப்புகளை அடுக்கிச் சொல்வது சாதாரணம். இன்றும் பேச்சு வழக்குகள் பலவற்றில் அது உயிரோடு இருக்கிறது. எனினும் பரீட்சையிலும் அலுவலகத்திலும் அது பிழையாகவே கொள்ளப்படும்.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது 'எல்லாரும் வரல்ல' என்ற வாக்கியம். இதற்குத் தமிழிலேயே இரு பொருள் கொள்ளலாம்: ஒருவரும் வரவில்லை, அல்லது சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. மஹல்லாக் கூட்ட அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுபவர் 'ஓல் மெம்பர்ஸ் டிட் நொட் அக்ரீ' என்று எழுதினால் தீர்மானம் முழுதாகத் தோற்றதா, சிலர் மாத்திரம் எதிர்த்தார்களா என்பது விளங்காது. முதலாவது கருத்தென்றால் 'நன்' என்றும், இரண்டாவதென்றால் 'நொட் ஓல்' என்றும் எழுதுவதே பாதுகாப்பு.

நம் நாட்டு 'நோ'

இலங்கையில் பேசும் ஆங்கிலத்தில் 'நோ'வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'யூ ஆர் கமிங், நோ?' என்று வாக்கியத்தின் வாலில் அதைக் கட்டிவிடுவோம். இங்கே 'நோ' மறுப்பே அல்ல, "வாறீங்கதானே?" என்று உறுதி கேட்பது. சிங்களத்தின் 'நேத', நமது 'தானே', 'இல்லையா' ஆகியவை ஆங்கில உடுப்புப் போட்டு வந்த வடிவம் என்று இதைச் சொல்லலாம். இலங்கை ஆங்கிலத்துக்கு மைக்கல் மெய்லர் 2007இல் வெளியிட்ட அகராதி போன்ற நூல்கள் நம் நாட்டுக்கே உரிய இத்தகைய பாவனைகளைப் பதிவு செய்திருக்கின்றன. கொழும்பில் பேசும்போது இதில் ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டவரோடு பேசும்போது மாத்திரம் அவர் அதை மறுப்பாக எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுப்பதில் மரியாதையும் இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் நேரடியாக மறுப்பது 'மறை' என்ற ஒன்றுதான். "சாப்பிடுகிறீர்களா?" என்பதற்கு "வயிற்று வலி" என்பது உற்றது உரைத்தல், "சாப்பிட்டால் வயிறு வலிக்கும்" என்பது உறுவது கூறல், "தேத்தண்ணி மட்டும் குடிக்கிறேன்" என்பது இனமொழி. மூன்றிலும் 'இல்லை' என்ற சொல் இல்லை. ஆனால் மறுப்பு விளங்குகிறது. நாம் இன்றும் இப்படித்தான் பேசுகிறோம். "பார்ப்போம்" என்பது பல நேரங்களில் மறுப்புத்தான். "இன்ஷா அல்லாஹ்" என்ற பெறுமதியான சொல்லையும், வர எண்ணமில்லாத அழைப்புக்கு மரியாதையான மறுப்பாகப் பாவிக்கும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. இப்படி மறைத்து மறுத்துப் பழகிய நாம், ஆங்கிலத்தில் வெறும் 'நோ'வைக் கேட்கும்போது கோபம் என்று நினைக்கிறோம். அவர்களோ நமது 'பார்ப்போம்' என்பதை நம்பிக் காத்திருக்கிறார்கள்.

எதிர்மறைக் கேள்வி என்ற பொறி

இனித்தான் முக்கியமான இடம். ஒருவர் உங்களிடம் "நேத்துக் கூட்டத்துக்கு வரல்லியா?" என்று கேட்கிறார். நீங்கள் போகவில்லை. பதில் என்ன? "ஓம், வரல்ல" என்றும் சொல்லலாம். "இல்ல, வரல்ல" என்றும் சொல்லலாம். தமிழில் இரண்டும் சரி. நீங்கள் போயிருந்தால் "இல்லையே, வந்தன்தானே" என்பீர்கள். அதாவது இத்தகைய கேள்விக்கு நமது 'ஓம்' "நீங்கள் சொல்வது சரி" என்று கேட்டவரைப் பார்த்துத் தலையாட்டுகிறது. நமது 'இல்ல' இரு பக்கமும் சாயும். பின்னால் வரும் வினைதான் தீர்ப்புச் சொல்லும்.

ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் கேட்டவரைப் பார்ப்பதில்லை. நடந்த காரியத்தைத்தான் பார்க்கும். போனால் 'யெஸ்', போகாவிட்டால் 'நோ'. கேள்வி நேராக வந்தாலும் எதிர்மறையாக வந்தாலும் இதில் மாற்றமில்லை. எனவே 'யெஸ், ஐ டிட்ன்ட்' என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை. 'யெஸ்'க்குப் பின் உடன்பாடுதான் வரும். 'நோ'வுக்குப் பின் மறுப்புத்தான் வரும்.

எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் வெளிநாட்டில் படிப்பதற்கு வீசா நேர்முகத்துக்குப் போனார். 'இதற்கு முன் நீங்கள் வெளிநாடு போனதில்லை?' என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அவர் போனதில்லை, "ஓம், போனதில்லை" என்ற எண்ணத்தில் 'யெஸ், சேர்' என்றார். அதிகாரியின் காதில் "போயிருக்கிறேன்" என்று விழுந்தது. எந்த நாடு, எந்த ஆண்டு என்று கேள்விகள் தொடர்ந்தன. கடவுச்சீட்டில் ஒரு முத்திரையும் இல்லை. இவர் திகைத்து 'நோ, சேர்' என்றார். ஒரே நிமிடத்தில் இரண்டு முரணான பதில்கள். திரும்பி வந்து என்னிடம் சொன்னபோதும், தான் எங்கே பிழை விட்டேன் என்பது அவருக்கு விளங்கவில்லை. "நான் ஒண்டும் பொய் சொல்லல்லயே, சேர்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையில் அவர் இரண்டு தடவையும் உண்மையைத்தான் சொன்னார். முதல் தடவை தமிழ் முறையில், இரண்டாம் தடவை ஆங்கில முறையில்.

வைத்தியசாலையில் இது இன்னும் ஆபத்தானது. சத்திரசிகிச்சைக்கு முன் 'இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை?' என்று கேட்பார்கள். வயிற்றில் உணவு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகக்கூடும் என்பதாலேயே இந்தக் கேள்வி. சாப்பிடாதவர் 'யெஸ்' என்றால் சிகிச்சை தள்ளிப்போகும், அவ்வளவுதான். சாப்பிட்டவர், "நீங்கள் நினைப்பது சரியில்லை, நான் சாப்பிட்டேன்" என்ற எண்ணத்தில் 'நோ' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், வைத்தியர் வயிறு வெறுமை என்று எண்ணிக்கொள்வார். வேலைக்கும் படிப்புக்கும் வெளிநாடு போயிருக்கும் நம்மவர்களும், அங்கே பிள்ளைகளோடு போய் இருக்கும் வயதான உம்மா வாப்பாமாரும் இந்தக் கேள்விகளைத் தனியாக எதிர்கொள்கிறார்கள்.

நீதிமன்றத்திலும் அப்படித்தான். "நீர் அந்த ஆளைக் காணவில்லை?" என்று கேட்கும்போது சாட்சி "ஓம்" என்கிறார். அதை ஆங்கிலத்தில் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் 'யெஸ்' என்றால் சாட்சியம் தலைகீழாகிவிடும். அந்த இடத்தில் 'ஓம்' என்பதற்குச் சரியான ஆங்கிலம் 'நோ'தான். அகராதியை மாத்திரம் நம்பினால் இது விளங்காது.

அறபும் பழைய ஆங்கிலமும்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இதற்கெனத் தனிச் சொற்கள் வைத்திருந்தார்கள். நேரான கேள்விக்கு 'யே', 'நே' என்றும், எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ' என்றும் அவர்களிடம் நான்கு சொற்கள் இருந்தன. பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் 'நே' வர வேண்டிய இடத்தில் 'நோ'வைப் போட்டுவிட்டார் என்று 1532இல் சேர் தோமஸ் மோர் கண்டித்து எழுதினார். ஆயினும் அந்த வேறுபாடு காலப்போக்கில் மறைந்து, எதிர்மறைக் கேள்விக்கென இருந்த 'நோ'வே எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று. பிரெஞ்சு மொழியில் எதிர்மறைக் கேள்வியை மறுத்துச் சொல்ல 'சி' என்றும், ஜேர்மன் மொழியில் 'டொஹ்' என்றும் தனிச் சொற்கள் இன்றும் இருக்கின்றன.

அறபில் அந்தச் சொல் 'பலா'. அல்குர்ஆனில் ஒரே சூராவிலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம். சூரா அல்அஃராஃபின் 44ஆம் வசனத்தில், இறைவன் வாக்களித்ததை உண்மையாகக் கண்டீர்களா என்று சுவர்க்கவாசிகள் நரகவாசிகளிடம் கேட்கிறார்கள். கேள்வி நேரானது, பதில் 'நஅம்'. அதே சூராவின் 172ஆம் வசனத்தில், ஆதமுடைய சந்ததியினரிடம் அவர்களது இரட்சகன் தான் அல்லவா என்று இறைவன் கேட்கிறான். கேள்வி எதிர்மறை வடிவம், பதில் 'பலா'. அங்கே அவர்கள் 'நஅம்' என்று சொல்லியிருந்தால் மறுப்பை ஏற்றுக்கொண்டதாகி நிராகரித்தவர்களாக ஆகியிருப்பார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் கூறியதாக ஒரு கருத்து நஹ்வு நூல்களில் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. 'நஅம்' கேள்வியில் உள்ளதை உள்ளபடி உறுதிப்படுத்தும். கேள்வியில் மறுப்பு இருந்தால் மறுப்பையே உறுதிப்படுத்தும். நமது 'ஓம்' செய்வதும் இதுதான். 'பலா'வோ மறுப்பை உடைத்து உண்மையை நிலைநிறுத்தும். எதிர்மறைக் கேள்விக்கு ஆங்கிலத்தின் 'யெஸ்' செய்வதும் அதுவே.

ஆகவே மத்ரஸாவில் 'பலா'வையும் 'நஅம்'மையும் படித்த ஒரு பிள்ளைக்கு இந்த ஆங்கில விதியை ஐந்து நிமிடத்தில் விளங்க வைக்கலாம். "எதிர்மறையாகக் கேட்டால் உன் 'யெஸ்' என்பது 'பலா', 'நஅம்' அல்ல" என்றால் போதும். நான் இப்படிச் சொல்லிக் கொடுத்த மாணவர்கள் வேறெந்த விளக்கத்தையும்விட இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

என்ன செய்யலாம்?

இலக்கணம் படிக்க நேரமில்லாதவருக்கும் ஓர் இலகுவான வழி இருக்கிறது. அது நம் சொந்த மொழியின் வழி. "சாப்பிட்டியா?" என்றால் நாம் "ஓம்" என்று நிறுத்துவது குறைவு, "சாப்பிட்டன்" என்போம். "வந்தாரா?" என்றால் "வந்தார்". கேள்வியில் வந்த வினையைப் பதிலில் திருப்பிச் சொல்வது தமிழின் இயல்பு. ஆங்கிலம் பேசத் தொடங்கியதும் ஏனோ இந்த நல்ல பழக்கத்தைக் கைவிட்டு, 'யெஸ்', 'நோ' என்று ஒற்றைச் சொல்லோடு நிற்கிறோம். அதை விடாமல் கொண்டுபோக வேண்டும். 'ஐ ஹேவ் நொட் ஈட்டன்', 'ஐ டிட் நொட் சீ ஹிம்', 'ஐ நெவர் வென்ட் அப்ரோட்' என்று காரியத்தையே சொல்லிவிட்டால், முன்னால் தவறிப்போய் 'யெஸ்' வந்திருந்தாலும் கேட்பவர் திருத்திக்கொள்வார். சூரா அல்முல்கின் 8ஆம், 9ஆம் வசனங்களிலும் இந்த அமைப்பைக் காணலாம். எச்சரிப்பவர் வரவில்லையா என்று கேட்கப்படும்போது அவர்கள் 'பலா' என்பதோடு நிறுத்தவில்லை. எச்சரிப்பவர் வந்தார் என்று வினையையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

கேட்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைத்தியர்களாக, தாதியராக, சட்டத்தரணிகளாக, அதிகாரிகளாக நமது பிள்ளைகள் பலர் இன்று இருக்கிறார்கள். 'சாப்பிடவில்லைத்தானே?' என்று கேட்காமல் 'கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?' என்று கேளுங்கள். 'வருத்தம் ஒன்றும் இல்லைத்தானே?' என்பதற்குப் பதிலாக 'என்னென்ன வருத்தம் இருக்கிறது?' என்று கேளுங்கள். ஆமா இல்லையா என்று பதில் சொல்ல முடியாத கேள்வியில் இந்தப் பொறி இல்லை.

ஆங்கில ஆசிரியர்கள் ஆறாம் ஆண்டிலேயே இதற்கு ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். பிள்ளைகளை இருவர் இருவராக நிறுத்தி, எதிர்மறைக் கேள்விகளை மாத்திரம் கேட்கச் சொல்லுங்கள். முதல் நாள் வகுப்பே சிரிக்கும். ஒரு கிழமையில் பழகிவிடும்.